அஞ்சுவோரும் அஞ்சப்படுவோரும்: 2001க்குப் பிந்தைய நான்கு ஆங்கில நாவல்கள்

எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்தெண்ணும் தொல்காப்பியர், அது தோன்றும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினைச் சுட்டுகிறார். மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது, உயிருக்கு ஊறு செய்யும் விலங்கு, பொருளையும் உயிரையும் கவரும் மனிதர், ஆளும் அதிகாரம் என இவற்றை இக்கால நிலைக்கேற்ப விரித்துக் கொள்ளலாம். முதல் மூன்றும் பெரும்பாலும் ஊர் வேலிக்கு வெளியிலிருந்து வருவன. நான்காவது காக்க வேண்டிய இடத்திலிருந்தே வருவது. உரையாசிரியர்கள் மெய்ப்பாட்டினைச் சுவைப்பொருள், சுவையுணர்வு, குறிப்பு, விறல் எனப் பகுத்து விளக்குவதால், அஞ்சப்படும் பொருள் ஒன்று, அஞ்சுவோன் உள்ளத்து நிகழ்வது மற்றொன்று என்னும் வேறுபாடும் தெளிவாகிறது. புலி அஞ்சத்தக்கதாக இருக்கலாம். எனினும் அச்சம் புலியிடத்தில் இல்லை; அதனைக் கண்டவனிடத்தில் உள்ளது.

இவ்வேறுபாட்டை மறைத்துவிடும் தன்மை 'பயங்கரவாதி' என்னும் சொல்லுக்கு உண்டு. தமிழ் இதழியல் 'தீவிரவாதி', 'பயங்கரவாதி' என்னும் இரண்டனையும் பெரிதும் வேறுபாடின்றி ஆண்டுவருகிறது. முன்னது ஒருவனை அவன் கொள்கையின் கடுமை கொண்டு பெயரிடுகிறது. பின்னது அவனைக் கண்டோர் உள்ளத்தில் எழும் பயத்தைக் கொண்டு பெயரிடுகிறது. அச்சுறுத்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொல்லும் இத்தகையதே. குண்டு வைத்தவனைப் பொறுத்தவரை இப்பெயரில் இடர் ஏதுமில்லை. எச்செயலும் செய்யாத ஒருவனைக் கண்டு அஞ்சுவோர், தம் அச்சத்தையே சான்றாகக் கொண்டு அதே பெயரை அவன்மீது ஏற்றும்போது சிக்கல் தொடங்குகிறது. அவ்வாறு ஏற்றுவதற்கு அவன் பெயரோ தாடியோ தலைப்பாகையோ போதுமானதாகிவிடுகிறது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலை அடுத்து அமெரிக்கச் சூழலை மையமிட்டு எழுந்த நாவல்களுள் ஜான் அப்டைக்கின் 'டெரரிஸ்ட்' (2006), டான் டெலில்லோவின் 'ஃபாலிங் மேன்' (2007), லைலா ஹலபியின் 'ஒன்ஸ் இன் எ பிராமிஸ்டு லேண்ட்' (2007), மோசின் ஹமீதின் 'தி ரிலக்டண்ட் ஃபண்டமெண்டலிஸ்ட்' (2007) ஆகிய நான்கும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இத்தகைய நாவல்களில் வரும் இஸ்லாமியப் பாத்திரம் நல்லவனா, தீயவனா, அனுதாபத்தோடு படைக்கப்பட்டானா என்று வினவுவது திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. அவ்வினாவே ஐயத்தின் பிடியில் இருந்துகொண்டு எழுப்பப்படுவது. அச்சம் என்னும் மெய்ப்பாடு இந்நாவல்களில் யாருக்கு வழங்கப்படுகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்று காண்பது அதனினும் பயனுடையது.

முன்வரலாறு

அரபியர் பற்றிய அமெரிக்க அச்சம் 2001இல் முளைத்ததன்று. எட்வர்ட் சைத் 1978இல் 'ஓரியண்டலிசம்' நூலில் ஐரோப்பியப் புலமையின் நெடிய பின்புலத்தை ஆராய்ந்தார். 1981இல் வெளிவந்த 'கவரிங் இஸ்லாம்' நூலில், ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தார் பிணைக்கைதிகளாக வைக்கப்பட்ட காலத்துச் செய்தி ஊடகங்களை எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் அத்தலைப்புச் சொல்லுக்குச் செய்தி தருதல், மூடி மறைத்தல் என இருபொருள் உண்டு. நூலின் வாதம் முழுவதும் அச்சிலேடையில் அடங்கியிருக்கிறது. சைத் எருசலேமில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். அரபியர் அனைவரும் இஸ்லாமியர் அல்லர். உலக இஸ்லாமியருள் மிகப் பெரும்பாலோர் அரபியரும் அல்லர். இவ்வெளிய உண்மையைக் கண்டுகொள்ளாமல் இருப்பது முற்சாய்வின் முதல் இயல்பு.

திரைப்படத் துறையில் இவ்வாய்வை முன்னெடுத்தவர் ஜாக் ஷாஹீன். அவருடைய 'ரீல் பேட் அராப்ஸ்' (2001) அரபியப் பாத்திரங்கள் இடம்பெற்ற 900க்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களை ஆராய்ந்து, மிகப் பெரும்பாலானவற்றில் அவர்கள் இழிவாகவே காட்டப்பட்டதை நிறுவியது. எண்ணெய்ச் செல்வத்தில் திளைக்கும் ஷேக், திரையிட்ட நடனப்பெண், வெடிகுண்டு ஏந்தியவன் என்னும் வார்ப்புகள் தலைமுறை தலைமுறையாக மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டன. 1992இல் வெளிவந்த 'அலாவுதீன்' என்னும் டிஸ்னி கேலிச்சித்திரப் படத்தின் தொடக்கப் பாடலில், முகம் பிடிக்காவிட்டால் காதை அறுக்கும் நாடு என்னும் கருத்துடைய அடி இருந்தது. அமெரிக்க அரபியர் அமைப்பின் எதிர்ப்பை அடுத்து 1993இல் ஒளிநாடா வெளியானபோது அவ்வடி மாற்றப்பட்டது. அந்நாட்டைக் காட்டுமிராண்டித்தனமானது என்று கூறும் சொல் மட்டும் மாற்றப்படவில்லை. சிறுவர்க்கான படம் என்பதால் இதனைச் சிறிய செய்தியாகத் தள்ளிவிட இயலாது. அச்சத்தின் பொருள் எது என்பதை ஒரு சமூகம் தன் மக்களுக்குக் கற்பிப்பது இத்தகைய இடங்களில்தான்.

1995 ஏப்ரல் 19இல் ஒக்லஹோமா நகரின் அரசுக் கட்டடம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டதில் 168 பேர் மாண்டனர். அவர்களுள் 19 பேர் குழந்தைகள். மத்தியக் கிழக்கைச் சேர்ந்தோரின் செயலாக இருக்கலாம் என்னும் பேச்சு முதல் நாளிலேயே ஊடகங்களில் எழுந்தது. பிடிபட்டவரோ 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படைவீரராகப் பணியாற்றிய டிமொத்தி மக்வே. அதன்பின், குட்டையாக முடிவெட்டிய முன்னாள் படைவீரர்களை எவரும் விமான நிலையங்களில் தனித்து நிறுத்தவில்லை. மக்வேயின் குற்றம் மக்வேயின் குற்றமாகவே நின்றது. அதுவே முறையும்கூட. அம்முறை எல்லோருக்கும் ஒத்த அளவில் கிடைக்கவில்லை என்பதற்கு அதற்கடுத்த ஆண்டுகள் சான்று.

2001 செப்டம்பர் 11இல் 2,977 பேர் கொல்லப்பட்டனர். அதனால் விளைந்த துயரமும் அச்சமும் மெய்யானவை. அவற்றை ஊடகங்கள் கட்டமைத்தவை என்று மட்டும் கூறி ஒதுக்கும் திறனாய்வு, தான் கண்டிக்கும் குற்றத்தையே வேறொரு பக்கத்திலிருந்து செய்கிறது. எனினும் அவ்வச்சம் சென்று தங்கிய இடங்களை நோக்க வேண்டும். தாக்குதல் நடந்த நான்காம் நாள் அரிசோனா மாநிலத்து மேசா நகரில் பெட்ரோல் நிலையம் நடத்திவந்த சீக்கியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அரபியரும் அல்லர், இஸ்லாமியரும் அல்லர், தலைப்பாகை அணிந்திருந்தார். அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் பதிவுகளில் இஸ்லாமியருக்கு எதிரான வெறுப்புக் குற்ற நிகழ்வுகள் 2000இல் 28 ஆக இருந்து 2001இல் 481 ஆக உயர்ந்தன.

இவை மக்கள் செய்தவை. அரசு செய்தது வேறு. 2002இல் தொடங்கிய சிறப்புப் பதிவுத் திட்டத்தின்கீழ் 25 நாடுகளைச் சேர்ந்த, குடியுரிமையோ நிரந்தர வாழ்வுரிமையோ இல்லாத, 16 வயதுக்கு மேற்பட்ட ஆடவர் அலுவலகங்களுக்கு நேரில் சென்று கைரேகையும் வாக்குமூலமும் தர வேண்டியிருந்தது. அந்நாடுகளுள் வடகொரியா ஒன்று நீங்கலாக ஏனைய யாவும் இஸ்லாமியர் பெரும்பான்மையாக வாழ்பவை. 80,000க்கும் மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டனர். ஏறத்தாழ 13,000 பேர்மீது நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கப்பட்டது. இத்திட்டத்தின் வழியாக ஒருவர்மீதும் பயங்கரவாதக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. 2011இல் நிறுத்திவைக்கப்பட்ட இது 2016 டிசம்பரில் முற்றிலும் நீக்கப்பட்டது. அடுத்த மாதமே, 2017 ஜனவரியில், இஸ்லாமியர் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளின் குடிமக்கள் அமெரிக்காவில் நுழைவதற்குத் தடை பிறப்பிக்கப்பட்டது. தொல்காப்பியர் நான்காவதாக வைத்த 'இறை' இவ்விடத்தில் தோன்றுகிறது. பெரும்பான்மையோர் முதல் மூன்று அச்சங்களையும் அரபியன் ஒருவனிடத்தில் கண்டனர். அவ்வரபியனோ நான்காவது அச்சத்தில் வாழ்ந்தான்.

இந்த நான்காவது அச்சம் மெய்ப்பிக்க இயலாதது என்பதையும் கருத வேண்டும். குடியரசுத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 2009இல் தில்லி விமான நிலையத்தில் அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றின் ஊழியர்களாலும், 2011இல் நியூயார்க்கிலும் உடற்சோதனைக்கு உள்ளாக்கப்பட்டார். அவர் பெயர் காரணமா, எல்லோருக்கும் உரிய விதி காரணமா என்று இந்தியாவில் பெரிய விவாதம் நடந்தது. இராமேசுவரத்தில் பிறந்து நாட்டின் முதற்குடிமகனாக உயர்ந்த ஒருவருக்கே அவ்வினாவிற்கு உறுதியான விடை கிடைக்கவில்லை. நாவலாசிரியனுக்கு உரிய இடம் இந்த விடையின்மையில்தான் இருக்கிறது. அங்கு புள்ளிவிவரம் அதிகம் பேச முடியாது.

அப்டைக்: மொழி இழந்த இளைஞன்

'டெரரிஸ்ட்' நாவலின் தலைவன் அகமது 18 வயதினன். நியூஜெர்சியின் நலிவுற்ற தொழில்நகர் ஒன்றில், ஐரிஷ் வழிவந்த தாய்க்கும் அவன் மூன்று வயதாக இருக்கையில் பிரிந்து சென்ற எகிப்தியத் தந்தைக்கும் பிறந்தவன். நகரின் சிறிய பள்ளிவாசலில் ஷேக் ரஷீத் என்னும் ஆசிரியரிடம் குர்ஆன் பயில்கிறான். படிப்பை முடித்துச் சரக்குந்து ஓட்டுநனாகி, லிங்கன் சுரங்கப்பாதையைத் தகர்க்கும் திட்டத்தில் இணைக்கப்படுகிறான். பள்ளியின் வழிகாட்டு ஆலோசகரும் சமயப் பற்றற்ற யூதருமான ஜாக் லெவி இறுதி நேரத்தில் அவனுடன் வண்டியில் ஏறிக்கொள்கிறார். குண்டு வெடிப்பதில்லை.

அப்டைக் வெறுப்போடு எழுதினார் என்று கூற இயலாது. அமெரிக்க நுகர்வு வாழ்வின் வெறுமையை அகமதுவின் கண்வழியே அவர் காணும் பகுதிகளில் உண்மையான கூர்மை உண்டு. லெவியின் சலிப்பு, உணவில் ஆறுதல் தேடும் அவர் மனைவியின் தனிமை, கடைகள் மூடிக்கிடக்கும் தெருக்கள் முதலியன அவருடைய கைவண்ணம் நன்கு புலப்படும் இடங்கள். குறை அகமதுவின் வாயில் உள்ளது. நியூஜெர்சியில் பிறந்து, ஆங்கிலம் மட்டுமே பேசும் தாயிடம் வளர்ந்து, அவ்வூர்ப் பள்ளியில் படித்த இளைஞன், வேற்றுநாட்டிலிருந்து நேற்று வந்தவனைப் போல இறுகிய, மொழிபெயர்ப்புச் சாயலுடைய ஆங்கிலத்தில் பேசுகிறான். நாவல் வெளிவந்த காலத்திலேயே மதிப்புரையாளர் சிலர் இதனைச் சுட்டினர். அவர்கள் இதனைக் கலைத்திறக் குறையாகக் கண்டனர். முற்சாய்வு மொழிநடைக்குள் புகுந்த விதமாக இதனைக் காண்பதே பொருந்தும். சமயப் பற்று மிக்க இஸ்லாமியன் ஒருவன் தன் வகுப்பு மாணவர்களைப் போலவே பேசக்கூடும் என்பதை ஆசிரியரின் செவி ஏற்கவில்லை. அவன் அயலவன் என்பது கதை தொடங்குமுன்பே முடிவாகிவிட்டது.

இவ்விடத்தில் தமிழ் வாசகர்க்குச் சீறாப்புராணம் நினைவுக்கு வரக்கூடும். பதினேழாம் நூற்றாண்டின் உமறுப்புலவர் அரபு நாட்டைப் பாடும்போது மலையில் மழை பொழிந்து, ஆறு பெருகி, வயல் விளையும் மருதமாக அதனைக் காட்டினார். வேடனிடம் அகப்பட்ட மானுக்கு நபிகள் பிணை நிற்கும் படலத்தில் வேடனும் மானும் தமிழ்க் காப்பிய மாந்தரின் மொழியிலேயே பேசுகின்றனர். இதனைக் காப்பிய மரபின் கட்டாயம் எனலாம். நிலவியலுக்கு ஒவ்வாது எனவும் கூறலாம். பற்றுடைய புலவர் பற்றுடையோர்க்காகப் பாடியது என்பதால் நவீன நாவலோடு நேர்நிறுத்தி ஒப்பிடுவதும் முறையன்று. ஆயினும் ஒரு செய்தி மட்டும் கருதத்தக்கது: தொலைநிலத்து அரபியரைப் பாடிய புலவர் அவர்களுக்குத் தம் மொழியை முழுமையாக அளித்தார், தம் நாட்டிலேயே பிறந்த அரபிய மரபினன் ஒருவனுக்கு அப்டைக் தம் மொழியை முழுமையாக அளிக்கவில்லை.

அச்சம் என்னும் மெய்ப்பாட்டை நோக்கின் நாவலின் நிலை மேலும் தெளிவாகும். நாவலில் அஞ்சுவோர் பலர். நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைவர் அஞ்சுகிறார், அவருடைய உதவியாளர் அஞ்சுகிறார், லெவி அஞ்சுகிறார். அகமது சினம் கொள்கிறான், அருவருக்கிறான், ஐயுறுகிறான். ஆனால் அரசை அவன் அஞ்சுவதாக நாவலில் எங்கும் அழுத்தம் பெறவில்லை. இத்தனைக்கும் அவனை வன்முறைப் பாதையில் உசுப்பிவிடுகிற, அறைகலன் கடைக்காரரின் மகனான சார்லி, உண்மையில் உளவுத் துறையின் ஆள் என்பது பின்னர் வெளிப்படுகிறது. அரசின் கண் தன் வேலையிடத்திலேயே நண்பன் உருவில் இருந்ததை அறியும் இளைஞனின் நடுக்கம் ஒரு நாவலுக்குப் போதுமான பொருள். அப்டைக்கிடம் அது கதைத் திருப்பமாக மட்டும் வந்து கடந்துபோகிறது. 'இறை' கதையை நகர்த்துகிறது. அவ்வச்சத்தை உணர்வதற்கு உரிய உள்ளம் அகமதுவுக்கு வழங்கப்படவில்லை.

முடிவு இன்னும் கவலைக்குரியது. முன்னால் செல்லும் வண்டியிலிருந்து குழந்தைகள் அவனை நோக்கி விளையாட்டுக் காட்டுகின்றனர். இறைவன் படைப்பவன், அழிப்பை விரும்பாதவன் என்னும் குர்ஆன் சிந்தனையும் அவனுள் எழுகிறது. சமயத்தின் உள்ளிருந்தே வன்முறைக்கு மறுப்பு எழும் இந்த இடம் நாவலின் உயர்ந்த இடம். ஆனால் அடுத்த சில பக்கங்களில் நாவல் அதனைக் கைவிடுகிறது. தன் இறைவன் தன்னிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டான் என்னும் எண்ணத்தோடு அகமதுவை நகருக்குள் அனுப்பிவைக்கிறது. அவன் அஞ்சத்தகாதவன் ஆவதும் நம்பிக்கை இழப்பதும் ஒரே நிகழ்வாக இணைக்கப்படுகின்றன. மஹ்மூத் மம்தானி 2004இல் எழுதிய நூலில் 'நல்ல முஸ்லிம், தீய முஸ்லிம்' என்னும் பாகுபாடு அரசியல் பாகுபாடே அன்றிச் சமயப் பாகுபாடு அன்று என்று வாதிட்டார். அப்டைக் அப்பாகுபாட்டிற்கும் அப்பால் சென்று, நல்ல முஸ்லிம் என்பவன் முன்னாள் முஸ்லிமே என்னும் இடத்தில் வந்து நிற்கிறார். அனுதாபம் உள்ள எழுத்தாளர் ஒருவர் இங்கு வந்து சேர்ந்தது, முற்சாய்வு எத்துணை ஆழத்தில் இயங்குகிறது என்பதைக் காட்டுகிறது.

டெலில்லோ, ஹலபி

'ஃபாலிங் மேன்' பற்றிச் சுருங்கவே கூறலாம். கோபுரத்திலிருந்து தப்பி வெளிவந்த கீத் என்பவரின் குடும்பத்தைத் தொடரும் இந்நாவலில், விமானத்தைக் கடத்தியோருள் ஒருவனாகக் கற்பனை செய்யப்பட்ட ஹம்மாது மூன்று குறும்பகுதிகளில் வருகிறான். இறுதிப் பகுதியில் விமானம் கட்டடத்தில் மோதும் கணத்தில், ஒரே வாக்கியத்திற்குள் கதை ஹம்மாதுவின் நினைவிலிருந்து கீத்தின் நினைவுக்கு மாறிவிடுகிறது. கொல்பவனையும் தப்புபவனையும் ஒரு தொடரில் பிணைத்த அத்துணிவு பாராட்டுக்குரியது. எனினும் இந்நாவலில் இஸ்லாமியருக்குக் கிடைக்கும் உள்ளம் கொலைகாரனுக்கு மட்டுமே கிடைக்கிறது. நியூயார்க் நகரில் வாழ்ந்த பல்லாயிரம் இஸ்லாமியரின் அன்றைய நாள் அதில் இல்லை.

லைலா ஹலபி பெய்ரூட்டில் ஜோர்தானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்தவர். அவர் நாவலில் அரிசோனாவின் டூசான் நகரில் வாழும் ஜாசிம், சல்வா என்னும் ஜோர்தானிய இணையர் வருகின்றனர். ஜாசிம் நீரியல் அறிஞர். பாலை நகருக்கு நீர் வழங்கும் பணியில் இருப்பவர். அங்காடி ஒன்றில் மனைவிக்காகக் காத்து நிற்கும்போது, விற்பனைப் பெண் அவரைக் கண்டு அஞ்சிக் காவலாளியை அழைக்கிறாள். பின்னர் புலனாய்வுத் துறையினர் அலுவலகத்திற்கு வருகின்றனர், உடன் பணியாற்றியோரின் பார்வை மாறுகிறது, வேலை போகிறது. அரபு நாட்டார் கதையின் தொடக்க வாய்பாட்டையும், ஆளை விழுங்கும் 'கூலா' என்னும் பெண்பேயையும் ஹலபி கதைக்குச் சட்டகமாக்குகிறார். அணங்கு இங்கு அரபியரின் அணங்கு. அவர்களும் இருளைக் கண்டு அஞ்சி வளர்ந்தவர்கள். நான்காவது அச்சம் நேரடியாக எழுதப்பட்ட நாவல் என்னும் சிறப்பு இதற்கு உண்டு. ஆனால் ஹலபி தம் வாசகரை நம்பவில்லை. முன்னுரைப் பகுதியிலேயே வாசகரை அழைத்து, முன்முடிவுகளை ஒரு பெட்டிக்குள் இட்டுவைக்குமாறு வேண்டிக்கொள்கிறார். வேண்டிக்கொண்டால் இறக்கி வைக்கக்கூடியதாக முற்சாய்வு இருந்திருந்தால் அந்நாவலுக்கே தேவை இருந்திராது.

ஹமீத்: கூற்றும் கேட்போரும்

மோசின் ஹமீத் லாகூரில் பிறந்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். நியூயார்க்கை விட்டு நீங்கும் பாகிஸ்தானியன் ஒருவனைப் பற்றிய தம் நாவலின் முதல் வரைவைச் செப்டம்பர் 2001க்கு முன்பே முடித்திருந்ததாக அவர் கூறியுள்ளார். பின்னர்ப் பலமுறை திருத்தி எழுதப்பட்டு 2007இல் வெளிவந்த அந்நாவல் அவ்வாண்டின் புக்கர் பரிசுக் குறும்பட்டியலில் இடம்பெற்றது. தலைவன் சங்கேஸ் பிரின்ஸ்டனில் படித்து, நிறுவனங்களை மதிப்பிடும் நியூயார்க் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிப் பின் லாகூர் திரும்பியவன். தலைப்பில் உள்ள 'அடிப்படை' சமயத்தைக் குறிப்பதினும் மிகுதியாக, வணிக நிறுவனத்தின் அடிப்படைக் கணக்கைக் குறிக்கிறது. அவன் காதலிக்கும் எரிக்காவின் பெயரில் அமெரிக்கா ஒளிந்திருப்பதைப் பலர் பாராட்டியுள்ளனர். அவள் தொடர்பான உருவகம் வலிந்து அமைந்தது, நாவலின் வலுவற்ற பகுதியும் அதுவே.

நாவலின் வலிமை அதன் வடிவத்தில் உள்ளது. லாகூரின் பழைய அனார்கலிக் கடைத்தெருவில், தேநீர்க் கடையொன்றில் அமர்ந்து, பெயர் கூறப்படாத அமெரிக்கர் ஒருவரிடம் சங்கேஸ் மாலை தொடங்கி இரவு வரை பேசுகிறான். நூல் முழுவதும் அவன் கூற்று. அமெரிக்கருக்கு ஒரு சொல்லும் இல்லை. அவர் வினவியது என்ன என்பதைச் சங்கேஸ் தரும் விடையிலிருந்து உய்த்துணர வேண்டும். தமிழ் அகப்பாட்டின் அமைப்பை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஒவ்வோர் அகப்பாட்டும் ஒருவர் கூற்று. கேட்போர் அருகில் உளர். அவர் மறுமொழி பாட்டில் இல்லை. செய்யுள் உறுப்புகளை எண்ணிய தொல்காப்பியர் கூற்றுக்கு அடுத்துக் கேட்போரைத் தனியுறுப்பாக வைத்தார். இன்ன இடத்தில், இன்னார், இன்னார்க்குக் கூறத்தகும் மொழி இது என்று உணர்வதை 'முன்னம்' என்றார். சொல்லாலோ குறிப்பாலோ நிரப்பிப் பொருள் முடிக்க வேண்டியதை 'எச்சம்' என்றார். ஹமீத் இவற்றை அறிந்தவர் அல்லர். தனிமொழி நாடக மரபும், ஒருவர் பேச மற்றவர் கேட்பதாக அமைந்த ஐரோப்பியக் குறுநாவல்களும் அவர்க்கு முன்மாதிரிகள். ஆயினும் அவர் நாவலில் நிகழ்வதைக் கூறுவதற்கு இக்கலைச்சொற்கள் மிகவும் ஏற்றவை.

அமெரிக்கர் அஞ்சுகிறார் என்பது வாசகனுக்கு எவ்வாறு தெரிகிறது? அவர் சுவரை ஒட்டிய இருக்கையைத் தேர்ந்து அமர்கிறார். மலைநாட்டிலிருந்து வந்த பெரிய உடலினனான பரிசாரகனைக் கண்டு நிமிர்கிறார். கை சட்டையின் உட்பைக்குச் செல்கிறது. கைப்பேசி குறித்த இடைவெளியில் ஒலிக்கிறது. இவை யாவும் சங்கேஸ் கண்டு, அவரிடமே பணிவோடு எடுத்துரைப்பவை. குறிப்பும் விறலும் வெளியில் தெரிகின்றன. உள்ளத்து நிகழ்வது தெரிவதில்லை. அமெரிக்க ஊடகம் பல்லாண்டுகள் அரபியரையும் இஸ்லாமியரையும் எழுதிய முறை இதுவே: உடலசைவு உண்டு, பேச்சில்லை, தோற்றம் உண்டு, உள்ளமில்லை. ஹமீத் அம்முறையை அப்படியே எடுத்து அமெரிக்கர்மீது திருப்பி வைக்கிறார்.

சங்கேஸின் அச்சமும் நாவலில் உண்டு. மணிலாவில் பணியை முடித்துத் திரும்புகையில் உடன் வந்தோரிலிருந்து அவன் பிரிக்கப்பட்டு, ஆடை களைந்து சோதிக்கப்படுகிறான். பின்னர்த் தாடி வளர்க்கிறான். ஏன் என்று அவனுக்கே முழுமையாகத் தெரியாது. சுரங்க ரயிலில் அயலார் வைகிறார்கள். இவை ஒருவனை நல்லவனாக நிறுவுவதற்கு அடுக்கப்பட்ட துன்பங்களாக அமைந்துவிடாதபடி தடுப்பது, அவற்றுக்கு முன்னரே வரும் ஒரு காட்சி. மணிலாவின் விடுதி அறையில் கோபுரங்கள் சரிவதைத் தொலைக்காட்சியில் கண்ட முதல் கணத்தில் தான் புன்னகைத்ததாகச் சங்கேஸ் ஒப்புக்கொள்கிறான். இறந்தவர்களை எண்ணி அன்று என்றும், வல்லரசு ஒன்று மண்டியிட்டதை எண்ணி என்றும் விளக்குகிறான். அவ்விளக்கம் அவனுக்கே நிறைவளிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் அமெரிக்கரின் கை இறுகுகிறது. வாசகனின் கையும் இறுகியிருக்கும். இக்காட்சி இல்லாதிருந்தால் நாவல், குற்றமற்றவன் ஐயுறப்பட்ட கதையாக முடிந்திருக்கும். வாசகனும் அனுதாபம் என்னும் எளிய இடத்தில் அமர்ந்திருப்பான். வெறுக்கத்தக்க உணர்வு ஒன்று ஒருவனுள் எழுந்தது என்பதற்கும் அவன் கொலை செய்வான் என்பதற்கும் இடையே எத்துணைத் தொலைவு என்று வாசகனே அளக்க வேண்டியிருக்கிறது.

இறுதியில் சங்கேஸ் அமெரிக்கரை அவர் விடுதி வரை கொண்டுவிட நடக்கிறான். இருள். பரிசாரகனும் வேறு சிலரும் பின்னால் நெருங்குகின்றனர். அமெரிக்கர் உட்பைக்குள் கை விடுகிறார். உலோகம் ஒன்று மின்னுகிறது. அது முகவரிச் சீட்டுகள் வைக்கும் பேழையாகத்தான் இருக்கும் என்று சங்கேஸ் கூற, நாவல் நின்றுவிடுகிறது. அமெரிக்கர் கொல்ல வந்த உளவாளியா, அஞ்சிய பயணியா? சங்கேஸ் விருந்தோம்புபவனா, கண்ணியில் வீழ்த்துபவனா? எச்சத்தை நிரப்பும் பொறுப்பு வாசகனுடையது. அவன் எதைக் கொண்டு நிரப்புகிறானோ அது நாவலில் இருந்து எடுத்ததாக இராது. தாடியும் பெயரும் கடைத்தெருவும் அவனுள் ஏற்கெனவே எழுப்பிவைத்திருந்ததாகவே இருக்கும்.

மீரா நாயர் 2012இல் இந்நாவலைத் திரைப்படமாக்கியபோது கேட்போருக்குப் பாபி லிங்கன் என்னும் பெயரும் பேச்சும் அளித்தார். கடத்தப்பட்ட அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரைத் தேடும் கதை சேர்க்கப்பட்டது. ஆயுதக் குழுவின் தலைவன் அழைக்கும்போது சங்கேஸ் மறுப்பதாகக் காட்சி உண்டு. நோக்கம் நல்லது. ஆனால் இப்போது சங்கேஸ் குற்றமற்றவன் என்பது திரையில் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. பார்வையாளனுக்கு நிரப்புவதற்கு எச்சம் ஏதுமில்லை. மெய்ப்பிக்கும் கடமை ஐயுறப்பட்டவனுடையது என்னும் விதியை நாவல் ஏற்க மறுத்தது. திரைப்படம் அவ்விதிக்கு உடன்பட்டு அவனை விடுதலை செய்கிறது.

ஹமீதின் நாவலுக்கும் எல்லை உண்டு. சங்கேஸ் உயர்குடியினன், திரும்பிச் செல்ல வீடும் பெயரும் உடையவன். ஹலபியின் ஜாசிமும் உயர்படிப்பினர். 2002இல் பதிவு அலுவலகங்களின் வாயிலில் வரிசையில் நின்றோருள் பலர் வாடகைக் கார் ஓட்டுநர், கடை ஊழியர், உணவக வேலையாட்கள். அந்நாளில் புருக்ளினில் பாகிஸ்தானியர் மிகுந்த கோனி ஐலண்ட் அவென்யூவிலிருந்து பலர் கனடாவுக்கும் தாய்நாட்டுக்கும் இடம்பெயர்ந்தனர். அவர்களுக்கு அருகில் சென்ற நூல் நாவல் அன்று. அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸ் 1903இல் எழுப்பிய வினா ஒன்றைத் தலைப்பாகக் கொண்டு முஸ்தபா பயூமி 2008இல் வெளியிட்ட கட்டுரை நூல், புருக்ளினில் வாழ்ந்த ஏழு அரபிய இளைஞர்களின் வாழ்வைப் பதிவு செய்தது. அதன் முதல் பகுதியில் வருபவள், 2002இல் குடும்பத்தோடு கைது செய்யப்பட்டுச் சில மாதங்கள் சிறையில் வைக்கப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்ட சிரிய நாட்டு இளம்பெண். மேலே கண்ட நான்கு நாவல்களிலும் அவளைப் போன்ற ஒருத்திக்குக் கூற்று இல்லை.